கம்பெனிக்கு எதுவரை அதிகாரம்?

1690-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் வாங்கியவருக்கே சேரும் என்பது அந்த விற்பனையின் நிபந்தனை. அவ்வாறு எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கணக்கு, பதிவு, தீர்மானம் என்று கம்பெனிக் காகிதங்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கோ, அந்தக் குண்டைவிட அதற்கு முந்தைய கேள்வி ஒன்று பெரிதாகத் தெரிகிறது. பங்கு போட்டு மிளகும் துணியும் வாங்கி விற்கக் கூடிய வணிகர்களின் கூட்டத்துக்குக் கோட்டை வாங்கும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்?

அரசர் கொடுத்தார். 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எலிசபெத் ராணி வழங்கிய பட்டயம் அந்தக் கம்பெனிக்கு உயிர் கொடுத்தது. 1661-இல் இரண்டாம் சார்லஸ் வழங்கிய பட்டயம், கிறித்தவரல்லாத நாட்டாரோடு போர் தொடுக்கவும் சமாதானம் செய்யவும் கோட்டை கட்டவும் தன் ஆட்களை விசாரித்துத் தண்டிக்கவும் அனுமதித்தது. வடக்கே புதுச்சேரியில் 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் கால் ஊன்றியதும், பத்தாண்டுகளுக்கு முன் அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் பதினான்காம் லூயி மன்னரின் ஆணை பெற்று உருவான பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரில்தான். இரண்டு ஊர்களும் கம்பெனிகள் போட்டுக்கொண்ட சண்டையில் வளர்ந்தவை. அந்தக் கம்பெனிகளிடம் இருந்த ஒவ்வோர் அதிகாரமும் மேலிருந்து இறங்கி வந்தது. கொடுத்தவரே பின்னாளில் திரும்ப எடுத்தும் கொண்டார். 1813, 1833 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் ஆங்கிலக் கம்பெனியின் வணிக ஏகபோகம் போனது. 1874-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

இன்று சிப்காட்டில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் அடிப்படை அதுவே. மனிதன் பிறக்கும்போதே சில உரிமைகளோடு பிறக்கிறான். சட்டம் தடுக்காத எதையும் அவன் செய்யலாம். கம்பெனிக்கு அப்படிப்பட்ட பிறப்புரிமை எதுவும் கிடையாது. சட்டம் எதைக் கொடுத்திருக்கிறதோ அது மட்டுமே அதற்கு உண்டு. இதை மறந்துவிட்டு, "நம் கம்பெனி, நாம் வைத்ததுதான் சட்டம்" என்று பேசுகிற உரிமையாளர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். 'நம் கம்பெனி' என்ற சொல்லிலேயே பாதிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1896-இல் சாலமன் வழக்கில், அந்நாளில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஏறக்குறைய எல்லாப் பங்குகளையும் ஒரே ஆள் வைத்திருந்தாலும் அந்த ஆள் வேறு, கம்பெனி வேறு என்று தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் நடுவே போட்ட அந்த எல்லைக்கோட்டை இன்றுவரை யாரும் அழிக்கவில்லை.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பதிவு பெற்ற நாளிலிருந்து கம்பெனிக்குக் கிடைப்பவற்றை ஒரே நீண்ட வாக்கியத்தில் அடக்கிவிடுகிறது: உறுப்பினர்கள் இறந்தாலும் மாறினாலும் அறுபடாமல் தொடரும் ஆயுள், அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமை, ஒப்பந்தம் செய்யும் உரிமை, தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்கவும் எதிர்கொள்ளவும் உரிமை. முன்பு இந்த வரிசையில் பொது முத்திரையும் இருந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

அமெரிக்காவில் இதே விஷயம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. அங்கே கம்பெனியைப் பிறப்பிப்பது பெரும்பாலும் மாநிலச் சட்டம். ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம். தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பாலம் கட்ட ஒன்று, கால்வாய் வெட்ட ஒன்று, வங்கி நடத்த ஒன்று. அந்தச் சட்டத்தில் எழுதிய வேலைக்கு அப்பால் கம்பெனி ஓர் அடியும் வைக்கக் கூடாது. 1819-இல் டார்ட்மத் கல்லூரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், நிறுமம் (கம்பெனி போலச் சட்டத்தால் உருவாகும் அமைப்பு) என்பது கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத, சட்டத்தின் எண்ணத்தில் மட்டுமே வாழ்கிற ஒரு செயற்கைப் பிறவி என்றும், தன்னைப் படைத்த பட்டயம் தந்த பண்புகள் மட்டுமே அதற்கு உண்டு என்றும் எழுதினார். அதே தீர்ப்பு, பட்டயமும் ஓர் ஒப்பந்தமே, மாநிலம் நினைத்தபோது அதைத் திருத்த முடியாது என்றும் சொல்லியதால், விழித்துக்கொண்ட மாநிலங்கள் அதன்பின் கொடுத்த பட்டயங்களில் திருத்தும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டன.

தனிச் சட்டங்களின் இடத்தில் பொதுச் சட்டங்கள் வந்தன. விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் யாரும் கம்பெனி தொடங்கலாம் என்ற நிலை வந்ததும், கட்டண வருமானத்துக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிடத் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூஜெர்சி தாராளமாகக் கதவைத் திறந்தது; 1899-இல் டெலவேர் அதே வழியில் சட்டம் இயற்றியது; 1913-இல் ஆளுநர் உட்ரோ வில்சன் நியூஜெர்சியின் சட்டத்தை இறுக்கியதும் கூட்டம் டெலவேருக்கு நகர்ந்தது. இன்றும் பெருங்கம்பெனிகளின் முகவரி அந்தச் சிறு மாநிலமே. அதன் சட்டத்தின் 122-ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தால் கம்பெனியின் அதிகாரங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்: வழக்காடுதல், சொத்து வைத்திருத்தல், அலுவலர்களை நியமித்தல், மாநிலத்துக்கு வெளியிலும் தொழில் செய்தல், கடன் வாங்குதல், கடன் கொடுத்தல், பிறருக்கு உத்தரவாதம் நிற்றல், ஓய்வூதியம் வழங்குதல், பொது நலனுக்கும் கல்விக்கும் நன்கொடை அளித்தல். நோக்கத்தைப் பொறுத்தவரை, சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலும் என்று ஒரே வரியில் எழுதினால் போதும். பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத்தின் 3.02-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், தன் அலுவல்களை நடத்துவதற்குத் தேவையான எதையும் செய்ய ஒரு தனிமனிதனுக்கு உள்ள அதே அதிகாரங்கள் கம்பெனிக்கும் உண்டு என்று சொல்லிவிடுகிறது. மார்ஷல் எழுதிய செயற்கைப் பிறவி எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது பாருங்கள்.

அந்த வரிசை இன்னமும் வளர்கிறது. 2024 பிப்ரவரியில் டெலவேர் நீதிமன்றம் ஒரு கம்பெனியின் வழக்கில், இயக்குநர் குழு எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு பெரும்பங்குதாரரின் முன் அனுமதிக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றம் உடனே 122-ஆம் பிரிவில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்து, இத்தகைய ஒப்பந்தங்களைச் செய்துகொள்ளும் அதிகாரத்தைக் கம்பெனிகளுக்கு வழங்கியது. ஆகஸ்ட்டிலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை அந்த வேகத்தில் தெரிகிறது.

நாம் வந்த வழி வேறு. 1875-இல் ஆஷ்பரி ரயில் பெட்டிக் கம்பெனி வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னது நமக்கு நீண்ட காலம் வேதமாக இருந்தது. ரயில் பெட்டிகள் செய்வதற்காகப் பதிவான அந்தக் கம்பெனி, பெல்ஜியத்தில் ரயில் பாதை அமைக்க ஒப்பந்தம் போட்டது. அமைப்பு முறையேட்டில், அதாவது கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் அடிப்படை ஆவணத்தில், எழுதப்படாத வேலை என்பதால் ஒப்பந்தமே செல்லாது, பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டாலும் செல்லாது என்பது தீர்ப்பு. அதன் விளைவாக வழக்கறிஞர்கள் முறையேட்டின் குறிக்கோள் பகுதியை நீட்டிக்கொண்டே போனார்கள். பழைய கோப்புகளில், நெல் அரைவை ஆலைக்குக் கப்பல் ஓட்டவும் சுரங்கம் தோண்டவும் திரையரங்கு நடத்தவும் அனுமதி எழுதிவைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குச் சமைக்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று பத்துப் படி அதிகமாக உலை வைப்பது போன்ற முன்னெச்சரிக்கை அது.

அந்த முன்னெச்சரிக்கையும் ஒருமுறை உதவவில்லை. சென்னையில் இயங்கிய ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1955-இல், பங்குதாரர்களின் தீர்மானத்தோடு, தொழில், வணிக அறிவை வளர்ப்பதற்கான ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. கம்பெனியின் சொத்துக்கு வாரிசாக வந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டது. அறச்செயலுக்கும் பொதுப்பயனுக்கும் பணம் வழங்கலாம் என்று முறையேட்டில் வரி இருந்தது. பணம் எடுக்கப்பட்டதோ பங்குதாரர்களின் லாபப்பங்குக் கணக்கிலிருந்து. ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வாதங்களையும் ஏற்கவில்லை. லாபப்பங்காக அறிவிக்கும்வரை அந்தப் பணம் பங்குதாரர்களுடையது அல்ல, கம்பெனியுடையது. அறச்செயல் பற்றிய வரி தனித்து நிற்கும் அதிகாரம் அல்ல, கம்பெனியின் முக்கிய நோக்கத்தை வளர்ப்பதற்குத் துணையான அதிகாரம் மட்டுமே. பணம் கொடுத்த இயக்குநர்கள் அதைத் தங்கள் பொறுப்பில் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

இதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், 1953-இல், நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதே கேள்வி எழுந்தது. தீயணைப்பு நீர்க்குழாய் முனைகளும் வால்வுகளும் செய்த ஏ. பி. ஸ்மித் என்ற கம்பெனி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1,500 டாலர் கொடுக்கத் தீர்மானித்தது. சில பங்குதாரர்கள் எதிர்த்தனர். படித்த இளைஞர்களும் வலுவான கல்வி நிறுவனங்களும் இல்லாமல் தொழில் எப்படித் தழைக்கும் என்ற வாதத்தை ஏற்று, நன்கொடை செல்லும் என்றது நீதிமன்றம். அதற்கு மாநிலச் சட்டத்தின் ஆதரவும் இருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, நம் நீதிமன்றம் கருணையற்றது என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரின்ஸ்டனுக்குப் பணம் கொடுத்த கம்பெனி தொடர்ந்து தொழில் நடத்தப்போகிற கம்பெனி; அடுத்த ஆண்டே தொழில் கைமாறிய சென்னைக் கம்பெனிக்கு அந்த நன்கொடையால் என்ன பயன் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இன்றைய சட்டத்தில் இந்தச் சிக்கலுக்கு நேரடி விடை உண்டு. நேர்மையான அறக்கொடையைக் கம்பெனியின் இயக்குநர் குழுவே வழங்கலாம். ஆனால் ஓர் ஆண்டுக் கொடை, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டுமானால் பொதுக்குழுவின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 181-ஆம் பிரிவு. பெரிய கம்பெனிகளுக்கோ சமூகப் பொறுப்புக்காக 2 சதவீதம் செலவிடுவது கடமையாகவே ஆகிவிட்டது. அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது மட்டும் வேறு கதை. அதற்கு 7.5 சதவீத உச்சவரம்பு இருந்தது. 2017-இல் அதை எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திர வழக்கில், வரம்பை எடுத்ததே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனிகளின் தேர்தல் செலவுக்குப் பேச்சுரிமையின் பெயரால் வழிவிட்டதோடு இதை ஒப்பிட்டால் இரு நாடுகளின் மனப்போக்கும் விளங்கும். நம் நாட்டில் கம்பெனி குடிமகன் அல்ல என்பதை 1963-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குறிக்கோள் பகுதிக்கு முன்பிருந்த பயம் இப்போது இல்லை. சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் குறிக்கோளை மாற்றிக்கொள்ளலாம். அதனால் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று எண்ணினால் ஏமாந்து போவோம். அது இடம் மாறியிருக்கிறது. கம்பெனி எதைச் செய்யலாம் என்று முன்பு கேட்ட சட்டம், கம்பெனியின் பெயரில் யார் முடிவெடுத்தது, எந்தக் கூட்டத்தில், யாருக்காக என்று இப்போது கேட்கிறது. கடன் வாங்குவது, முதலீடு செய்வது, கடன் கொடுப்பது, உத்தரவாதம் நிற்பது போன்றவற்றை இயக்குநர் குழு கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு. முழுத் தொழிலையும் விற்பதற்கும் வரம்பு மீறிக் கடன் வாங்குவதற்கும் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்கிறது 180. 2015-ஆம் ஆண்டு அறிவிக்கையால் பிரைவேட் கம்பெனிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 2018 நவம்பருக்குப் பின் பங்கு மூலதனத்தோடு பதிவான கம்பெனி, பங்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது என்ற உறுதிமொழியை 180 நாட்களுக்குள் தாக்கல் செய்யாதவரை தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது என்ற 10ஏ பிரிவும் இந்த வகையே. பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே வங்கிக் கடனுக்கு ஓடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது என் தொழிலின் சலிப்பான பகுதி.

சுவையான பகுதி 185-ஆம் பிரிவு. இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கம்பெனி கடன் கொடுக்கவும் கூடாது, அவர்கள் வாங்கும் கடனுக்கு உத்தரவாதம் நிற்கவும் கூடாது. வேறு நிறுவனங்களின் முதலீடு இல்லாத, வங்கிக் கடன் குறிப்பிட்ட அளவைத் தாண்டாத, தவணை தவறாத பிரைவேட் கம்பெனிக்கு இதிலும் விலக்கு இருக்கிறது. உறவினர் யார் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர், கூட்டுக் குடும்பத்தார். மனைவியின் தம்பி அதில் இல்லை. தங்கையின் கணவரும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் கம்பெனியின் பாதி மச்சானை நம்பியே நடக்கிறது என்பதை டெல்லியில் உட்கார்ந்து பட்டியல் எழுதியவர்கள் அறிந்திருக்கவில்லை போலும். ஆகவே மச்சானின் கடனுக்குக் கம்பெனி உத்தரவாதம் நிற்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு, இந்தப் பிரிவு தடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, 166-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். கம்பெனியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடப்பதும், அதன் நலனோடு முரண்படும் சூழலில் சிக்காமல் இருப்பதும் இயக்குநரின் கடமை என்று அது சொல்கிறது. அதிகாரம் இருப்பது வேறு; அதைப் பயன்படுத்தியதற்குக் கணக்குச் சொல்வது வேறு.

இதுவரை சொன்னதெல்லாம் மத்தியச் சட்டம். மாநிலச் சட்டத்தில் பிறக்கும் நிறுமங்கள் நம்மிடம் இல்லையா என்று கேட்டால், உண்டு. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில், வணிக நிறுமங்களும், ஒரு மாநிலத்தோடு அடங்காத பிற நிறுமங்களும் மத்தியப் பட்டியலின் 43, 44-ஆம் இனங்கள். எஞ்சிய நிறுமங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மாநிலப் பட்டியலின் 32-ஆம் இனம். பெயரை வைத்து எது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது. 1956-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கழகம் என்ற பெயரில் தோன்றிய நிறுவனமும், கடலூரில் பேருந்து ஓட்டும் விழுப்புரம் கோட்ட அரசுப் போக்குவரத்துக் கழகமும் பெயரில் கழகங்கள். சட்டத்தின் கண்ணில் கம்பெனிகள். தெருக்கோடியில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமே உண்மையில் மாநிலச் சட்டத்தின் பிள்ளை.

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும், புதுச்சேரியில் 1972-ஆம் ஆண்டின் சட்டமும் பதிவான சங்கத்துக்குத் தனி ஆளுமையையும் தொடரும் ஆயுளையும் சொத்து, ஒப்பந்தம், வழக்கு ஆகிய உரிமைகளையும் கொடுக்கின்றன. 9-ஆம் பிரிவில் கம்பெனிக்குக் கிடைப்பவையே இவை. ஆனால் கம்பெனிச் சட்டம் கைவிட்ட பழைய கண்டிப்பு இங்கே அப்படியே வாழ்கிறது. சங்கம் தனக்கென எழுதிக்கொள்ளும் துணைவிதியைத் திருத்தினால் அது பதிவாளர் பதிவு செய்யும்வரை செல்லாது. பணத்தை எங்கே முதலீடு செய்யலாம், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது சட்டத்திலும் விதிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. இழப்பு ஏற்படுத்தியவரிடம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை வசூலிக்கலாம். 88-ஆம் பிரிவில் நிர்வாகக் குழுவையே கலைக்கலாம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த இரண்டாவது அதிகாரத்தின் மீது ஒரு கண் உண்டு என்பதைக் கூட்டுறவுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். இதற்கு அரசியல் சாசனத்திலேயே ஒரு வேலி போட 97-ஆம் திருத்தம் முயன்றது. பாதி மாநிலங்களின் ஒப்புதலைப் பெறாமல் மாநிலப் பட்டியலில் கை வைத்ததால், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மாநில உரிமை என்ற முறையில் சரியான தீர்ப்பு. சங்கத்தின் தன்னாட்சி என்ற முறையில் எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை.

கம்பெனிக்குள் இல்லாமல், அதனோடு வெளியிலிருந்து ஒப்பந்தம் செய்கிறவர் என்ன பார்க்க வேண்டும்? 1856-இன் டர்குவாண்ட் வழக்கு அவருக்கு ஆதரவாக ஒரு விதியைத் தந்திருக்கிறது: உள்ளே தீர்மானம் முறையாக நிறைவேறியதா என்று துருவிப் பார்க்க வேண்டிய கடமை வெளியாளுக்கு இல்லை. ஆனால் யாரும் பார்க்கக்கூடிய பதிவு ஆவணங்களில் எழுதியிருப்பதை அவர் அறிந்தவராகவே கருதப்படுவார். கோட்லா வெங்கடசாமி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1934-இல் சொன்னது இதுவே. அடமானப் பத்திரத்தில் நிர்வாக இயக்குநர், செயலாளர், பணி இயக்குநர் மூவரும் கையெழுத்திட வேண்டும் என்று கம்பெனியின் நடைமுறை விதிகள் கூறின. பத்திரத்தில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்து இல்லை. நல்லெண்ணத்தோடு கடன் கொடுத்தவருக்கு அந்த அடமானம் பயன்படவில்லை.

ஆகவே மஞ்சக்குப்பத்திலோ முதலியார்பேட்டையிலோ தன் கட்டடத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுகிறவர், கம்பெனி முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அது இப்போது கட்டாயமும் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அமைப்பு முறையேட்டையும் நடைமுறை விதிகளையும் இயக்குநர்களின் பெயர்களையும் பார்க்கலாம். கையெழுத்திட வருகிறவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த நகலில் கூட்டத்தின் தேதியும், குத்தகைச் சொத்தின் விவரமும், கையெழுத்திடுபவரின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணத்துக்குக் கை நீட்டலாம். எதிராளி கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் துணைவிதிகளின் நகலையும் நிர்வாகக் குழுத் தீர்மானத்தையும் கேட்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பதிவாளரின் அனுமதி தேவைப்படுமானால் அந்த ஆணையின் எண்ணும் தேதியும் பத்திரத்திலேயே ஏற வேண்டும்.